இமோத்தோவுக்கு ஒரு பூசை

ஜோன்ஸ் மாமாவிடம் யார் தம் பெயரைச் சொன்னாலும் அவர் அதை மூன்று முறை திருப்பிச் சொல்வார். முதல் தடவை சத்தமாகச் சொல்லிவிட்டு, சொன்னவர் தலையசைக்கும்வரை காத்திருப்பார். இரண்டாம் தடவை தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருக்கும். மூன்றாம் தடவை உதடு மட்டும் அசையும். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் புதியவர், ரேஷன் கடைக்கு மாற்றலாகி வந்த பெண், என் கல்லூரித் தோழிகள் என்று யாரையும் அவர் விட்டதில்லை. என்னோடு படித்த சந்தனச்செல்வி ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அவர் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, “ஏளா சுஜி, ஒங்க மாமா எனக்கு மந்திரிச்சா விடுதாங்க?” என்று என் காதில் கேட்டாள். சின்ன வயதிலிருந்து பார்த்து வந்ததால் எனக்கு அது விசித்திரமாகப் பட்டதே இல்லை.

சென்ற வருடத்திலிருந்து அந்தப் பழக்கத்தோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. மூன்று தடவை சொல்லி முடித்ததும், “இது பேருதான?” என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர்கள் விழிக்கிறார்கள். அந்தக் கேள்வி வந்து சேர்ந்ததற்குக் காரணம் நான்.

மாமா என் அம்மாவின் அண்ணன். தூத்துக்குடி இனிகோ நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. மீசை அரும்புமுன்பே மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் சமையலுக்கு ஏறியவர். தோணியில் சமைப்பவரைப் பண்டாரி என்பார்கள். “பண்டாரி, கஞ்சி ஆச்சா?” என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு பம்பாய்க்குப் போய் வேண்டிய பயிற்சியை முடித்துப் பெரிய சரக்குக் கப்பல்களில் ஏறினார். அங்கே அவர் ‘குக்’. கேப்டனுக்கும் குக், என்ஜின் ரூமில் எண்ணெய் போடுபவனுக்கும் குக். சம்பளம் போடும் ஆபீசைத் தவிர வேறெங்கும் ஜோன்ஸ் என்று ஒருவர் கப்பலில் இருந்ததாகத் தெரியாது.

உலகம் முழுக்கப் போனவர் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ராட்டர்டாம் எப்படி இருக்கும் மாமா என்று கேட்டால், “மூணு கிரேன் தெரிஞ்சுது” என்பார். சமையலறையின் வட்ட ஜன்னல் வழியாகத் தெரிந்த ராட்டர்டாம் அவ்வளவுதான். கப்பல் கரை பிடித்ததும் மற்றவர்கள் ஊர் பார்க்க இறங்குவார்கள். “எல்லாரும் திரும்பி வரும்போது பசியோட வருவான்லா. அப்ப அடுப்படியில ஆளு வேணும்ல” என்பார் மாமா. விஜிலா அத்தை விட மாட்டாள். “இவுக உலகத்த சுத்துனாங்கன்னு ஊரு சொல்லுது. இவுக சுத்துனது குண்டானைத்தான்.”

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு ஊரை முழுதாகச் சுற்றிப் பார்த்தார். தனியாக, சைக்கிளில். அது ஜப்பானில் இருக்கிற நாகசாகி. அந்த ஊரில் ஒரு கிழவிக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதை நிறைவேற்றுவதுதான் அன்றிலிருந்து அவருக்கிருந்த ஒரே கவலை. மகள் கல்யாணத்தைக்கூட அவர் இவ்வளவு கவலையோடு நடத்தவில்லை என்று அத்தை சொல்வாள்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அது. நவம்பர் மாதம். கப்பலை அங்கே பழுதுபார்க்க நிறுத்தியிருந்தார்கள். சமையலறைக்குத் தண்ணீரும் கரண்டும் நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் சாப்பாடு கரையில், பட்டறைக் கேண்டீனில். ஜோன்ஸ் மாமாவுக்கு அன்று செய்ய வேலையே இல்லை. “அடுப்பு அணைஞ்சு கிடக்கு. அதையே பாத்துட்டு நிக்கேன். செத்த வீடு மாதிரி இருக்கு. கேப்டன் வந்து ‘குக், கோ அவுட்’டுங்கான்.”

கப்பலின் மேல்தளத்தில் ஒரு சைக்கிள் கட்டிக் கிடந்தது. முன்பு வேலைபார்த்த யாரோ வேறொரு ஜப்பான் துறைமுகத்தில் கழித்துக் கட்டியதை எடுத்துவந்து போட்டது. முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். பின் பிரேக் பிடிக்கும். முன் பிரேக் பார்வைக்குத்தான். மற்றவர்கள் டாக்சி பிடித்துக் கடைத்தெருவுக்குப் போகக் கூப்பிட்டபோது மாமா போகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“கூட்டமாப் போனா அவனுக பசிக்கிதும்பானுக. பசின்னு சொன்னதும் எல்லாவனும் எம் மூஞ்சியத்தான் பாப்பான். அன்னைக்கு ஒரு நாளாவது எம் மூஞ்சிய எவனும் பாக்கப்படாதுன்னு தோணிச்சு.”

பட்டறை வாசலில் இருந்த காவலாளி சைக்கிளைப் பார்த்ததும் ஏதோ சொல்லி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்டினார். மாமாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சிலுவையை எங்கள் பக்கத்தில் குருசு என்போம். முன்பின் தெரியாத ஜப்பான்காரர் ஒருவர், தன் கழுத்தில் கிடந்த செபமாலையைப் பார்த்துவிட்டுத் தானும் வேதக்காரன், கிறிஸ்தவன்தான் என்று குருசு காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார். உடனே சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் தொட்டுப் பதிலுக்கு ஒரு சிலுவை போட்டார். காவலாளி ஒன்றும் புரியாமல் தலையைக் குனிந்து வணங்கி வழிவிட்டார்.

குறுக்கே கை வைத்தால் அங்கே ‘கூடாது’ என்று அர்த்தம். இந்த ஊரில் சைக்கிள் சரிப்படாது, எல்லாம் மேடு என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். இதை நான் பின்னால் படித்துச் சொன்னபோது மாமா வருத்தப்படவில்லை. “நல்லதாப் போச்சு. புரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டேன்லா” என்றார்.

எங்கள் ஊரில் மேடு என்றால் மூன்றாம் கேட் மேம்பாலம்தான். மற்றபடி பலகை போட்ட மாதிரிக் கிடக்கும் ஊர். கடல் தண்ணீரே எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்று உப்பாகிவிடும். இந்த ஊர்க்காரருக்குச் சைக்கிள் என்றால் ஏறி உட்கார்ந்து மிதிப்பது. அவ்வளவுதான். அப்படித்தான் மாமா துறைமுகத்தை ஒட்டிய சாலையில் கிளம்பினார். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை. மலை முழுக்க வீடுகள். “கிறிஸ்மஸ் குடில்ல அடுக்குவோம்லா, அப்படி. ஒரு வீட்டுக் கூரைக்கு மேல இன்னொரு வீட்டு வாசல்.”

குண்டு விழுந்த ஊர் என்று பள்ளியில் படித்திருந்தார். கருகிப்போன சுவர்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தாராம். ஆனால் வாசலுக்கு வாசல் பூந்தொட்டி. சின்னச் சின்ன டிராம் வண்டிகள் தெருவின் நடுவே மணியடித்துக்கொண்டு போயின. அந்தத் தண்டவாளப் பள்ளத்தில் சைக்கிள் சக்கரம் மாட்டி நடுத்தெருவில் விழுந்தார். சீருடை போட்ட இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் ஓடிவந்து, ஒருத்தி அவரையும் ஒருத்தி சைக்கிளையும் தூக்கிவிட்டார்கள். இரண்டு பேரும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். “விழுந்தவனுக்கு மரியாதை பண்ணுத ஊரை அன்னைக்குத்தான் பாத்தேன்” என்பார்.

நடுவே ஓர் ஆறு. அதன்மேல் வரிசையாகப் பழைய கல்பாலங்கள். ஒரு பாலத்துக்கு இரண்டு வளைவு. தண்ணீரில் நிழல் சேர்ந்து இரண்டு வட்டமாகி மூக்குக்கண்ணாடி போலத் தெரிந்தது. ஆற்றோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கடையில் வாங்கிய முட்டை கேக்கைச் சாப்பிட்டார். போர்த்துக்கீசியர் விட்டுப்போன பலகாரமாம். எங்கள் ஊர் மக்ரூனும் அவர்கள் விட்டுப்போனதுதான் என்பார்கள். மாமா ஒரு சமையல்காரரின் தீர்ப்பாகச் சொல்வார்: “நம்மாளு முட்டையில மஞ்சளத் தள்ளிட்டு வெள்ளைய அடிச்சான். அவன் ஒண்ணையும் தள்ளல. ஆனா அடிச்ச கை ஒரே கைதான்.”

பிறகு ஒரு பழைய மாதா கோயிலுக்குப் போனார். வாசலில் டிக்கெட் கொடுத்தார்கள். சுற்றுலாக் கூட்டம். “டிக்கெட் எடுத்தா மாதாவப் பாக்கணும்?” என்று திரும்பிவிட்டார். பூசை நடக்கிற, ஆட்கள் வந்து போகிற கோயில் வேண்டும் அவருக்கு. நவம்பர் இறந்தவர்களின் மாதம். தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்று மனசுக்குள் இருந்தது. விசாரித்தபோது ஒருவர் வடக்கே கை காட்டினார்.

உரகாமி என்ற அந்தப் பகுதிக்கு வந்தபோது மேட்டின்மேல் இரண்டு கோபுரமும் அவற்றின் தலையில் குருசும் நன்றாகவே தெரிந்தன. ஆனால் போகும் வழிதான் பிடிபடவில்லை. எந்தச் சந்தில் நுழைந்தாலும் அது படிக்கட்டில் போய் முடிந்தது. கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு படிக்கட்டில் ஏறத் தொடங்கினார். அந்த ஊரில் சைக்கிளே அபூர்வம். சைக்கிள் சுமந்து போகிற கறுத்த ஆளைப் பார்த்து, மேலே ஒரு வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த கிழவி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுபதுக்கு மேல் இருக்கும்.

மாமா மேலே கைகாட்டி, “குருசு” என்றார்.

“ஏன் மாமா, சர்ச்சுன்னு சொல்லிருக்கலாம்லா?” என்று கேட்டிருக்கிறேன்.

“மூச்சு வாங்குதுளா. மூச்சு வாங்கும்போது இங்கிலீசு வருமா? வீட்டுப் பேச்சுதான் வரும்.”

கிழவி சிரிப்பதை நிறுத்தினாள். “குருசு?” என்றாள். மாமா மறுபடி, “குருசு” என்றார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நெற்றியில் தொடங்கித் தன்மேல் சிலுவை போட்டுக் காட்டி, இதுதானே என்பதுபோலப் பார்த்தாள். மாமாவும் சைக்கிளை இறக்கிவிட்டுப் போட்டார். இந்தத் தடவை தப்பு இல்லை.

எங்கள் கடற்கரைக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்த போர்த்துக்கீசியர்தான் அங்கேயும் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போது ஜப்பானில் சிலுவைக்கு வேறு சொல். பழைய வேதக்காரக் குடும்பங்களுக்குத்தான் இந்தச் சொல் தெரியுமாம். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டில் பேசுகிற சொல்லை அந்த அம்மாவும் பேசினாள். அதனால் அவள் வீட்டு ஆள். அவ்வளவுதான் அவருக்கு.

அவள் வேறு வழியாக, படிக்கட்டு இல்லாத ஒரு சரிவில் அவரை அழைத்துப் போனாள். மாமா ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்க, அவள் பின்னால் கேரியரில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். வேண்டாம் அம்மா என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. கோயில் முற்றத்தில் நெருப்பில் கறுத்த, புனிதர்களின் கல் சுரூபங்கள் இருந்தன. சிலவற்றுக்கு முகம் சிதைந்திருந்தது. கிழவி உடுப்பின் பையிலிருந்து வெள்ளை முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மாமாவுக்கு அவர் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் இருந்து அவரவர் பாஷையில் செபித்தார்கள். மாதாவின் பெயர் வரும் இடத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகக் கேட்டதாம்.

வெளியே வந்ததும் அவள் அந்தக் கறுத்த கற்களைக் காட்டினாள். பிறகு இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்து ஒரு சின்னப் பிள்ளையின் உயரம் காட்டி, தோளில் இரட்டைச் சடை தொங்குவதுபோல விரலை ஓட்டினாள். வானத்தைக் காட்டினாள். கையை விரித்தாள். ஒன்றும் இல்லை.

மாமா தன் நெஞ்சைத் தொட்டு, “தூத்துக்குடி. மரியா கோயில். பூசை வைக்கேன்” என்றார். பிறகு அந்தப் பிள்ளையின் உயரத்துக்குத் தானும் கையைத் தாழ்த்தி, “நேம்? பேரு?” என்று கேட்டார்.

“இமோத்தோ” என்றாள் அவள்.

“இமோத்தோ?”

அவள் தலையை ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது. மாமா அவள் கையை விரித்து அதில் தன் கையை அடித்துச் சத்தியம் செய்தார். அவள் முதலில் திடுக்கிட்டாள். அப்புறம் தன் இன்னொரு கையால் அவர் கையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை.

அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்று அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்குமா என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. மாமாவிடம் கேட்டேன். “அவளுக்குப் புரிஞ்சா என்ன, புரியாட்டி என்ன? சத்தியம் பண்ணது நான்லா” என்றார்.

இறக்கத்தில் திரும்பி வரும்போது பின் பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தார். செருப்பின் அடிப்பாகம் அந்த ஊரிலேயே போய்விட்டது. எழுதிவைக்கக் கையில் ஒன்றும் இல்லை. கடைக்கு அனுப்பிய பிள்ளை வாங்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டே ஓடுவதுபோல, இமோத்தோ, இமோத்தோ, இமோத்தோ என்று கப்பல்வரை சொல்லிக்கொண்டு வந்தார். பெயர்களைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் அந்த இறக்கத்தில்தான் அவருக்கு வந்தது.

ஊருக்கு வந்து பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பங்குக் கோயில் ஆபீசுக்குப் போனார். யாருக்காகப் பூசை என்ற கருத்தை எழுதிக்கொள்ளும் பெவின் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மறுநாள் காலைப் பூசைக்கு நாங்கள் எல்லோரும் போனோம். இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் மைக்கில் வாசித்துக்கொண்டே வந்தார். “இமோத்தோ” வரவில்லை. “திமோத்தேயு ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று வந்தது. எழுத்துப்பிழை என்று பெவினே திருத்தியிருக்கிறான்.

மாமா எழுந்து நின்றார். “சாமி, திமோத்தேயு இல்ல. இமோத்தோ! பொம்பளப் பிள்ள!”

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தை முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். சாமியார் கண்ணாடியைச் சரிசெய்து, “இமோத்தோ” என்று நிதானமாக வாசித்தார். மாமா உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு அவர் ‘இமோத்தோ மாமா’. அவர் அதற்குக் கோபித்ததில்லை. “ஒரு பேரு நாலு வாயில கிடந்தா நல்லதுதான” என்பார். ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாள் வாரத்தில் அந்தப் பூசை உண்டு. கடலில் இருந்தால் அத்தையிடம் போனில் நினைவூட்டுவார். சர்க்கரை நோயால் மருத்துவச் சோதனையில் தேறாமல் கப்பல் வேலை நின்றுபோன வருடமும் அந்தப் பூசை நிற்கவில்லை. நாகசாகிக் குழந்தை ஒன்றுக்கு எங்கள் கோயிலில் வருடாவருடம் செபம் நடந்தது. கோயிலில் யாரும் அதை வினோதமாக நினைக்காத காலமும் வந்துவிட்டது.

நான் ஆங்கில இலக்கியம் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அதை வைத்து என்ன செய்வது என்பது இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. பட்டம் வாங்கியவள் ஏதாவது ஆகியிருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்; நானும் எதிர்பார்க்கிறேன். ஜப்பானிய மொழி தெரிந்தால் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதால் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். சென்னையில் இருந்து ஜெமிமா மிஸ் நடத்துகிறார். சில வகுப்புகள் கழித்து ஒருநாள் உறவுமுறைப் பெயர்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி. கடைசியாகத் திரையில் ‘இமோத்தோ’ என்று வந்தது. பக்கத்தில் ‘தங்கை’ என்று இருந்தது.

மைக்கைப் போட்டு, “மிஸ், இது யாருக்காவது பேரா இருக்குமா?” என்று கேட்டேன். மிஸ் சிரித்தார். “தங்கச்சின்னு பேரு வைப்பாங்களா சுஜிதா?”

அன்று நான் மாமா வீட்டுப் பக்கம் போகவில்லை. சொல்லாவிட்டால் என்ன? ஒரு சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக, ஒருவர் நிம்மதியாக இறக்கிவைத்த பாரத்தை மறுபடி அவர் தோளில் ஏற்ற வேண்டுமா? படித்ததற்கு இதுதானா பலன்? ஆனால் அடுத்த நவம்பரில் அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது நான் பக்கத்தில் தெரியாததுபோல உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அதுவும் முடியாது என்று தோன்றியது. அவருக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து அவரை ஏமாளியாக்குகிறேனோ என்றும் பயம்.

மறுநாள் போய்ச் சொன்னேன். மாமா சீலா மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, தடவிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்ப பேரு இல்லியா அது?”

“இல்ல மாமா. தங்கச்சின்னு சொல்லிருக்காங்க. ‘என் தங்கச்சி’ன்னு.”

“நான் நேம்னுலா கேட்டேன்.”

“அவங்களுக்கு இங்கிலீசு தெரிஞ்சிருக்காது. ‘யாரு’ன்னு நீங்க கேட்டதா நினைச்சிருப்பாங்க.”

அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “சரி, இப்ப என்ன கெட்டுப்போச்சு? எந்தத் தங்கச்சின்னு கடவுளுக்குத் தெரியாதா? இத்தன வருசம் வெச்ச பூசை எல்லாம் அந்தப் பிள்ளைக்குத்தான் போயிருக்கும். இவுக மொகத்தப் பாரு, கப்பல் முங்குன மாதிரி.”

சாமியாரிடமும் போய்க் கேட்டோம். அவரும் அதையேதான் சொன்னார். கருத்து மனசில் இருந்தால் போதும், பெயர் மனிதர்களுக்குத்தான் என்றார். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கோயில் வாசலுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்:

“சாமி சொல்லுதது சரிதான். ஆனா நீயே சொல்லு. தோணியில என்னப் பண்டாரின்னான். கப்பல்ல குக்குன்னான். நான் செத்ததும் ‘குக் ஆன்ம இளைப்பாற்றிக்காக’ன்னு ஒருத்தன் பூசை வெச்சா, நான் எந்திரிச்சு வாங்கப் போவனா? எந்தக் குக்கோன்னு படுத்துலா கிடப்பேன். தங்கச்சின்னா அது அவளுக்கு மொறை. அந்தப் பிள்ளைக்குப் பேருன்னு ஒண்ணு இருந்திருக்கும்லா. நான் கை அடிச்சது அதுக்குத்தான்.”

“தேடலாம் மாமா” என்றேன்.

ஜெமிமா மிஸ்ஸின் உதவியோடு அந்தக் கோயிலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். இன்ன வருடம் நவம்பரில், சைக்கிளைத் தோளில் சுமந்து வந்த இந்தியர் ஒருவரை மேட்டில் ஏற்றிவிட்ட அம்மா யார், அவருடைய தங்கையின் பெயர் என்ன என்று கேட்டோம். எழுதி முடித்ததும் எனக்கே அது அபத்தமாகத் தோன்றியது. மாமா மட்டும் தினமும் காலையில் வந்து நின்றார். “ஏளா, ஏதும் வந்துச்சா?”

நாங்கள் மறந்துபோகும் அளவுக்கு நாளான பிறகு பதில் வந்தது. மிஸ் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதி, மாமாவிடம் வாசித்தேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லோரிடமும் அறிவித்துக் கேட்டார்களாம். அந்த அம்மா யார் என்று யாருக்கும் தெரியவில்லை. குண்டு விழுந்த அன்று தங்கையை இழந்தவர்கள் அந்தப் பங்கில் ஏராளம். அந்த வயதுக்காரர்களில் பலர் இப்போது இல்லை. சைக்கிளைச் சுமந்து வந்தவர் என்றதும் கோயிலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

“சிரிச்சாங்களா?” என்றார் மாமா. அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “அவளும் அப்படித்தான் சிரிச்சா.”

கடிதம் அதோடு முடியவில்லை. அறிவிப்பைக் கேட்டுவிட்டு, எண்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் தனித்தனியாக ஆபீசுக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு பேருமே மாமாவைப் பார்த்தவர்கள் இல்லை. ஆனாலும் யாரோ தூரத்து ஊரில் ஒரு தங்கைக்குப் பூசை வைக்கிறார் என்றால், எங்கள் தங்கைகளையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்களாம். மரியா சுமிகோ. கத்தரினா ஹருயே.

மாமா புறப்பட எழுந்தார். கையில் செருப்பு இருந்தது. அதைப் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அத்தைதான் கேட்டாள்: “வெப்பீகளா?”

“வெக்காம? கேட்டுட்டாங்கள்ல.”

இந்த நவம்பரில் அந்த இரண்டு பெயர்களும் எங்கள் கோயிலில் வாசிக்கப்பட்டன. மரியாவும் கத்தரினாவும் எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு உள்ள பெயர்கள் என்பதால் பெவின் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. சுமிகோவிலும் ஹருயேயிலும் சாமியார் கொஞ்சம் தயங்கினார், தப்பில்லாமல் வாசித்துவிட்டார். அத்தை அன்று முக்காட்டை இழுத்து முகத்தை மறைக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வரும்போது பெவின் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தான். இப்போது அவனுக்கு முன்தலையில் முடி கொட்டிவிட்டது.

“மாமா, ஒருவழியா முடிஞ்சுது, என்ன? நம்ம இமோத்தோ இந்த ரெண்டு பேருல யாரு?”

“ரெண்டுமே இல்ல லே. இது அந்த ரெண்டு அம்மாவும் கேட்டதுக்கு வெச்சது.”

“அப்ப இமோத்தோவுக்கு?”

“அவளுக்கு இன்னும் வெக்கல லே” என்றார் மாமா. “அது பாக்கிதான்.”